தொண்ணூற்றாறு டிகிரி

கை தூக்கினால்தான் போட முடியும்,
கை தூக்க முடிகிறதா என்று பார்க்கும் சட்டையை.

முதல் நாள் இதைச் சொல்லிச் சிரித்தேன்.
ஜெனோவா சிரிக்கவில்லை.
"நோகிற கைக்கு முதல்ல போடணும்க்கா,
கழட்டும்போது அதுக்குக் கடைசி" என்றாள்.
தவமணி அதை மனப்பாடம் செய்துகொண்டார்.
இரவு ஷிப்ட் முடிந்து மில்லிலிருந்து வந்து
பஞ்சு ஒட்டிய விரல்களோடு
தினமும் என்னை அதற்குள் செலுத்துவார்,
தலையணைக்கு உறை மாட்டுவதுபோல.

கருநீலம். உடம்போடு ஒட்டும் துணி.
தோளில் இரண்டு, முழங்கையில் ஒன்று,
முதுகுத்தண்டில் மூன்று,
புளியங்கொட்டை அளவில் உணரிகள்.
ஆம்பளை அளவுக்குத் தைத்தது.
இடம் மாறி அக்குளுக்கு நழுவும் ஒன்றை
ஊக்கு குத்தி நிறுத்தியிருக்கிறது.
துவைக்கக் கூடாது. துடைக்கலாம்.
இரவில் செல்போனுக்குப் பக்கத்தில்
அதுவும் படுத்து சார்ஜ் ஏறும்.

பதினொரு வருஷம் சிம்மக்கல்லில் நின்றவள் நான்.
வலக்கை நீட்டினால் யானைக்கல் பக்கம் நிற்கும்.
வெள்ளரிக்காய் வண்டி, ஷேர் ஆட்டோ,
தத்தனேரிக்குப் போகும் பூப்போட்ட வேன்,
அவசரமே இல்லாமல் அலறும் கார்கள்,
எல்லாம் இந்தத் தோளைக் கேட்டுத்தான் போயின.
எத்தனை டிகிரி என்று ஒருவரும் கேட்டதில்லை.

ஹெல்மெட் இல்லாத ஒரு பையன்
என்னைப் பார்த்துப் பயந்து வேகமெடுத்து
என் மேலேயே வந்து ஏறினான்.
தோள் மூட்டு. மூன்று திருகாணி.

இப்போது செல்போனில் ஒரு பொம்மை.
முகமில்லை, கொண்டையில்லை.
நான் தூக்கினால் அதுவும் தூக்கும்.
நாற்பதுவரை சிவப்பு.
அதற்கு மேலே மஞ்சள்.
தொண்ணூறு தாண்டினால் பச்சை.
கோட்டைத் தாண்டி நிற்பவனையெல்லாம் திட்டியவளை
ஐந்து வாரமாக மஞ்சளிலேயே
நிறுத்தி வைத்திருக்கிறது அது.

இடுப்பைச் சாய்த்து ஏமாற்றிப் பார்த்தேன்.
தோளைக் காதுவரை ஏற்றிக்
கை உயர்ந்ததாகக் காட்டிப் பார்த்தேன்.
முதுகிலிருந்த புளியங்கொட்டை
உடனே போட்டுக்கொடுத்துவிட்டது.
"லைசென்ஸ் வீட்ல இருக்கு மேடம்" என்பவர்களின் முகம்
அப்போது எனக்கும் வந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை
ஜெனோவா வாரத்தின் கோட்டுப்படத்தை விரித்தாள்.
வரப்பு வரப்பாகச் சின்ன மேடுகள்.
நடுவில் ஒன்று மட்டும்
ஒத்தக்கடைத் தரையில் யானைமலை மாதிரி.
"செவ்வாய் சாயங்காலம், ஆறு நாற்பது.
தொண்ணூற்றாறு டிகிரி.
என்னக்கா செஞ்சீங்க?"

செவ்வாய்.
சுடிதாருக்கு அடியில் சட்டையோடு
மாத்திரை வாங்கப் போயிருந்தேன்.
மெடிக்கல் வாசலில் மீதிச் சில்லறைக்கு நின்றபோது
லோடு வேன் ஒன்று பின்பக்கமாக வந்தது.
அதன் வழியில், கழன்ற செயினை மாட்டக்
குனிந்திருந்தான் ஒரு பள்ளிக்கூடப் பையன்.
விசில் இல்லை. தொப்பி இல்லை.
வலிக்குமா என்று கேட்க நேரமும் இல்லை.
வேன் நின்றது.
டிரைவர் எட்டிப் பார்த்து
"யாரும்மா நீ?" என்றான்.
கை இறங்கிய பிறகுதான்
தோளுக்குள் யாரோ கதவை அறைந்து சாத்தினார்கள்.
அங்கேயே குந்திவிட்டேன்.

"கொசு அடிச்சிருப்பேன்" என்றேன்.

உண்மையைச் சொன்னால் எழுதுவாள்.
எழுதினால் தேறிவிட்டாள் என்று முத்திரை விழும்.
பைக் சத்தம் பின்னால் கேட்டாலே
அடிவயிற்றில் ஒன்று உருள்கிறது இன்னும்.
அந்த இடத்தில்
புளியங்கொட்டை எதுவும் தைக்கவில்லை.

ஜெனோவா படத்தைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
"பெரிய கொசுதான்" என்றாள்.
"சரி, இப்ப தூக்குங்க."

தூக்கினேன்.
அறுபத்தொன்று.
ஜன்னலுக்கு வெளியே எவனோ
ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை.